கொழும்புப் புழுக்கத்தில் டென்டுக்குள் சலாது

சலாது (லெட்டூஸ்) நுவரெலியாக் குளிருக்குப் பழகின செடி. 15 முதல் 22 பாகைக்குள் ஒழுங்காக இலை விடும். 26, 27ஐத் தாண்டிப் பல நாள் போனால் நடுத்தண்டு நீளும், பூவுக்குப் போகப் பார்க்கும், இலை கைக்கும். கொழும்பில் பங்குனி, சித்திரையில் பகல் 32 பாகை, விடியப்புறம் 24, 25. ஏப்ரல் 7ஆம் திகதி அளவில் நண்பகல் 12.12க்குச் சூரியன் இந்த நகரத்தின் நேர் உச்சிக்கே வந்துவிடும். அந்த நாட்களில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தொடர்மாடி அறையில், செடி வளர்க்கவென்று லைட்டும் விசிறியும் பூட்டிய 60க்கு 60 சென்ரிமீற்றர் துணிக்கூடாரமான டென்ட் ஒன்றில், மண்ணில்லாமல் உரக் கரைசலில் சலாது எடுக்க முடியுமா என்றால், முடியும். ஆனால் டென்டைக் குளிராக்கப் பாடுபடுகிறவர்களுக்கு அது கிடைப்பதில்லை. லைட்டின் வாட், லைட் எரியும் மணி, வேர் நிற்கும் தண்ணீர் ஆகிய மூன்றிலும் கை வைக்கிறவர்களுக்குக் கிடைக்கிறது.

டென்ட் வெப்பம் பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி குளிர்நாடுகளில் கஞ்சா வளர்ப்பவர்கள் எழுதியது. இலங்கையில் அது குற்றம் என்பது ஒரு பக்கம். அந்த ஆலோசனை சலாதுக்கு அப்படியே பொருந்தாது என்பது இன்னொரு பக்கம். 28 பாகை அந்தச் செடிக்குச் சுகம், சலாதுக்கு அது கடைசி எல்லை. மணம் வெளியே போகாமலிருக்க அவர்கள் மாட்டும் கரி வடிகட்டியை, டென்ட் செட்டோடு சேர்ந்து வந்துவிட்டதே என்று இங்கேயும் மாட்டிவிடுகிறார்கள். சலாதில் மறைக்க என்ன மணம் இருக்கிறது? கழற்றி வையுங்கள். அந்த வடிகட்டியும் அதற்காக வளைத்துக் கொண்டுபோகும் குழாயும் சேர்ந்து விசிறியின் இழுவையில் மூன்றிலொரு பங்கைச் சுலபமாகத் தின்றுவிடும்.

அறை எவ்வளவோ, டென்ட் அதற்கு மேல்

உள்ளே இழுக்கும் காற்று 29 பாகை என்றால் எவ்வளவு பெரிய விசிறி பூட்டினாலும் டென்ட் 29க்குக் கீழே வராது. விசிறியால் ஆவது ஒன்றுதான்: லைட் கொடுக்கும் சூடு உள்ளே தேங்காமல் வெளியே தள்ளுவது. 100 வாட் எல்ஈடி எரித்தால் அந்த 100 வாட்டும் கடைசியில் டென்டுக்குள் சூடாகத்தான் முடியும். இலை சேமிப்பது மிகச் சொற்பம். ஒரு பங்கு இலை விடும் நீராவியாக மாறி, வெப்பமானியில் தெரியாமல் ஈரப்பதனில் தெரியும்.

எவ்வளவு காற்று தேவை என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். வாட்டை 3ஆல் பெருக்குங்கள். அறையை விட எத்தனை பாகை ஏறினால் பொறுக்கலாமோ அந்த எண்ணால் வகுங்கள். மணிக்கு எத்தனை கன மீற்றர் காற்று போக வேண்டும் என்பது வரும். 100 வாட், 2 பாகை என்றால் 150 கன மீற்றர். விசிறிப் பெட்டியில் எழுதியிருக்கும் கணக்கில் 88 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி). 60 வாட் என்றால் 90 கன மீற்றர், 53 சிஎஃப்எம். பெட்டியில் இருக்கும் எண் குழாயும் வளைவும் இல்லாமல் அளந்தது. நடைமுறையில் அதில் பாதி கிடைக்கும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

சலாதுக்கு 100 வாட் தேவையே இல்லை. இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் சூட்டைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஒரு சதுர மீற்றருக்கு ஒரு நாளைக்கு 12 முதல் 14 மோல் (செடிக்கு உதவும் ஒளித்துகள்களை எண்ணும் அலகு) ஒளி கிடைத்தால் சலாது திருப்தியாக வளரும். 12 மணி நேரம் எரிப்பதானால் இலை மட்டத்தில் சதுர மீற்றருக்கு வினாடிக்கு 290 மைக்ரோமோல் போதும், அது நாளைக்கு 12.5 மோல். 60க்கு 60 என்பது 0.36 சதுர மீற்றர்தான். ஒரு வாட்டுக்கு வினாடிக்கு 2.5 மைக்ரோமோல் தரும் இப்போதைய எல்ஈடி ஒன்றுக்கு, சுவரில் வீணாவதையும் சேர்த்து, 55, 60 வாட்டில் வேலை முடிந்துவிடும். 100 வாட் லைட்டின் டிம்மரை 60 வீதத்தில் வையுங்கள். அளக்கும் கருவி இல்லையென்றால் கைத்தொலைபேசியின் லக்ஸ் அப் உதவும்: வெள்ளை எல்ஈடிக்கு இலை மட்டத்தில் சுமார் 20,000 லக்ஸ். அப் துல்லியமில்லைதான், ஆனால் 40,000 காட்டினால் அதிகம் என்று தெரிந்துவிடும்.

லைட்டின் டிரைவர் (எல்ஈடிக்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) கழற்றக்கூடியதென்றால் டென்டுக்கு வெளியே வையுங்கள். 60 வாட்டில் ஆறேழு வாட் அதிலேயே சூடாகப் போகிறது. பெரிய லாபமில்லை, செலவும் இல்லை.

எரிக்கும் நேரம்

பகலில் லைட் எரிப்பதற்குக் கொழும்பில் காரணமே இல்லை. இரவு 10.30க்கு ஏற்றி, காலை 10.30க்கு அணையுங்கள். அறை ஆகக் குளிர்ந்திருக்கும் நேரம் காலை 4 முதல் 7 வரை. லைட்டின் சூடு அந்த நேரத்தில் விழட்டும். பகல் 2 மணிக்கு அறை 32 ஆகும்போது டென்ட் இருட்டில் இருக்கும், செடி மேலதிகச் சூடு இல்லாமல் தப்பும். நேரவாரி மின்கட்டணத்தைத் தெரிவு செய்த வீடுகளுக்கு இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு நேரம், மாலை 6.30 முதல் 10.30 வரை ஆக விலை கூடிய நேரம். இரண்டு கணக்கும் ஒரே திசையில் போவது அதிர்ஷ்டம். 12 மணி நேரத்துக்கு மேல் நீட்டாமலிருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: நீண்ட பகலும் சூடும் ஒன்றாகச் சேர்ந்தால் சலாது இன்னும் அவசரப்பட்டுப் பூக்கும்.

மேல்மாடியில் இருப்பவர்கள் இந்த நேரத்தை இன்னும் ஒரு மணி பின்னுக்குத் தள்ளலாம். வெயிலில் காய்ந்த கொங்கிறீற் தட்டு இரவு பதினொரு மணி வரை சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட அறையில் மாலை ஏழு மணிக்கு வெளியே 28 ஆனாலும் உள்ளே 31 இருப்பது சாதாரணம். மேற்குச் சுவரோடு டென்டை ஒட்டி வைக்காதீர்கள். வேறு வழியில்லையென்றால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

டைமர் வாங்கும்போது பற்றரி உள்ள டிஜிட்டல் டைமராகப் பார்த்து வாங்குங்கள். பல்லுகளைத் தள்ளிவிடும் வட்ட டைமர் கரண்ட் போனால் அப்படியே நின்றுவிடும். இரண்டு மணி நேர மின்வெட்டு வந்தால் அன்றிலிருந்து உங்கள் இரவு இரண்டு மணி பிந்தும். யாரும் கவனிக்காவிட்டால் ஒரு மாதத்தில் லைட் நடுப்பகலில் எரிந்துகொண்டிருக்கும்.

காற்றோட்டத்தைச் சோதிப்பது

இரண்டு வெப்பமானி வேண்டும். ஒன்று டென்டுக்குள் காற்று நுழையும் கீழ்த் துவாரத்தில், மற்றது இலை மட்டத்தில். இலை மட்டத்தில் உள்ளதை லைட் நேரே படாமல் ஒரு வெள்ளை மட்டைத் துண்டால் மறைத்துத் தொங்கவிடுங்கள். மறைக்காவிட்டால் அது காற்றின் சூட்டைக் காட்டாது, தன்மேல் விழும் வெளிச்சத்தின் சூட்டைத்தான் காட்டும். செடியே இல்லாமல் லைட்டையும் விசிறியையும் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு வித்தியாசத்தைப் பாருங்கள்.

2 பாகைக்குள் என்றால் சரி. 3, 4 என்றால் காற்று போகவில்லை. அப்போது விசிறியை மாற்றுவதற்கு முன் குழாயைப் பாருங்கள். அலுமினியக் குழாய் சுருங்கிய நிலையில் இருந்தால் உட்பக்கச் சுருக்கமெல்லாம் தடை. இழுத்து நேராக்கி, மிச்சத்தை வெட்டிவிடுங்கள். வளைவு ஒன்றுக்கு மேல் வேண்டாம். டென்டின் சுவர்கள் உள்ளே ஒட்டிக் குழிந்திருந்தால் நுழைவழி போதவில்லை. 4 அங்குலக் குழாயால் வெளியே இழுத்தால், கீழே திறக்கும் வலைப் பகுதிகள் அந்தக் குழாய் வாயின் இரண்டு மூன்று மடங்கு பரப்பில் இருக்க வேண்டும். சுவர் இலேசாக உள்நோக்கி இழுபட்டிருப்பது நல்ல அறிகுறி, தண்டுகளோடு ஒட்டுவது கெட்டது. வித்தியாசம் 2க்குள் இருந்தும் டென்ட் 31 காட்டினால் பிரச்சினை அறையில்தான் இருக்கிறது. அதற்குமேல் விசிறிக்குச் செலவழிப்பது வீண்.

விசிறியை மேலே, வெளியே இழுக்கும்படி வையுங்கள். அப்போது அதன் மோட்டர் சூடும் வெளியே போகும். உள்ளே தள்ளும்படி வைத்தால் அந்தச் சூடும் செடிக்கே. கணினிக்குள் இருக்கும் 12 சென்ரிமீற்றர் விசிறி, குழாய் இல்லாமல் நேரே வெளியே தள்ளினால் 60 வாட்டுக்கு ஓரளவு ஈடுகொடுக்கும். குழாயை மாட்டியதும் படுத்துவிடும், அதற்கு அழுத்தத் திறன் இல்லை. வெளியேறும் காற்றை யன்னல் கம்பிக்கு வெளியே விடுங்கள். நுழையும் காற்று தரை மட்டத்திலிருந்து வரட்டும். டைல்ஸ் தரையை ஒட்டிய காற்று மேலேயுள்ளதை விட ஒரு பாகையாவது குறைவாக இருக்கும்.

ஏசி அறை

இரவில் ஏசி போடும் அறை என்றால் கணக்கே மாறும். ஏசி 25இல் இருக்கும் அறையில் டென்ட் 27க்குள் நிற்கும், அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை. ஆனால் அங்கே டென்டின் காற்றை யன்னலுக்கு வெளியே விடாதீர்கள். மணிக்கு 150 கன மீற்றர் குளிர்ந்த காற்றை வெளியே எறிந்தால், அதே அளவு 30 பாகைப் புழுக்கக் காற்று கதவிடுக்கால் உள்ளே வரும். அந்தக் காற்றைக் குளிரவைத்து அதன் ஈரத்தையும் பிழிய ஏசிக்கு ஏறக்குறைய 1.4 கிலோவாட் வேலை, 9000 பிடியு ஏசியின் திறனில் பாதி. டென்டின் 60 வாட்டை அறைக்குள்ளேயே விட்டால் ஏசிக்கு அது படுத்திருக்கும் ஓர் ஆளின் உடற்சூட்டை விடக் குறைவு.

வேலை செய்யாதவை

புறக்கோட்டையில் அடுக்கி விற்கும் தண்ணீர் ஊற்றுகிற ஏர் கூலர், ஈரச் சாக்கு, விசிறி முன் தண்ணீர்ப் பேசின் எல்லாம் ஒரே தத்துவம். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துப் போகும். டில்லியின் மே மாத உலர்ந்த வெயிலில் அது அற்புதமாக வேலை செய்யும். கொழும்பில் 32 பாகையும் 70 வீத ஈரப்பதனும் இருக்கும்போது, எவ்வளவு நல்ல கூலர் என்றாலும் கோட்பாட்டளவில்கூட 27க்குக் கீழே போகாது. கையில் கிடைப்பது 29 பாகையும் 90 வீத ஈரமும். அந்த ஈரத்தில் சலாதின் அடியிலைகள் அழுகும்.

டென்டுக்குள் ஐஸ் போத்தல் தொங்கவிடுவதும் அப்படித்தான். ஒரு லீற்றர் ஐஸ் உருகி அறைச் சூட்டுக்கு வரும்வரை எடுக்கும் வெப்பம் 60 வாட் லைட் இரண்டு மணி நேரத்தில் கொடுப்பதற்குச் சமம். விசிறி ஓடும்போது அதில் பாதி யன்னலால் போய்விடும். அதே போத்தலைத் தண்ணீருக்குள் போட்டால் கதை வேறு.

வேருக்குக் குளிர்ச்சி

காற்று 29 என்றாலும் வேர் 22, 23இல் இருந்தால் சலாது தாக்குப்பிடிக்கும். காற்று 25 ஆக இருந்தும் வேர் 30இல் நின்றால் செத்தும் போகலாம். காரணம் ஒட்சிசன். 20 பாகைத் தண்ணீர் லீற்றருக்கு 9.1 மில்லிகிராம் ஒட்சிசன் பிடித்துவைக்கும், 30இல் 7.6 மட்டுமே. அதே சூட்டில் வேருக்குத் தேவை கூடுகிறது, பித்தியம் என்ற வேரழுகல் கிருமிக்கும் கொண்டாட்டம். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். பித்தியம் பிடித்தால் பழுப்பாகி, விரலால் இழுத்ததும் வெளித்தோல் சவ்வுபோல உருவி வந்து உள்ளே மெல்லிய நார் மட்டும் மிஞ்சும், சேற்று மணம் வரும். இலை காலையில் நிமிர்ந்து, தண்ணீர் நிறைய இருக்கும்போதே மதியம் வாடினால் வேரைத் தூக்கிப் பாருங்கள்.

கறுப்பு வாளி வேண்டாம். மீன் வரும் ரெஜிபோம் பெட்டி இதற்கென்றே செய்ததுபோல இருக்கும்: சூடு புகாது, வெளிச்சம் அதிகம் புகாது, மூடியில் துளையிட்டு வலைக் கிண்ணம் வைக்கலாம். உப்பும் மீன் மணமும் போகக் கழுவி, உட்பக்கம் தடித்த பொலித்தீன் விரியுங்கள். 15 லீற்றர் கரைசலுக்குள் உறைந்த ஒரு லீற்றர் போத்தலை இட்டால் 30 பாகை 23 வரை இறங்கும். வெளியிலிருந்து சூடு புகாதிருந்தால் என்ற கணக்கு இது, நடைமுறையில் ஒரு பாகை குறையப் பிடியுங்கள். வெறும் வாளியில் இந்தக் குளிர் இரண்டு மூன்று மணியில் போய்விடும், ரெஜிபோமில் அரை நாளாவது இழுக்கும். இரண்டு போத்தல் வைத்துக் காலையும் பின்னேரமும் மாற்றினால் போதும். போத்தலைத் திறந்து ஐஸ்கட்டியை நேரே கொட்டாதீர்கள், கரைசல் நீர்த்துவிடும். வேரோடு ஒட்டாமல் மூலையில் நிறுத்துங்கள்.

தண்ணீருக்குள் அமிழும் பம்ப் தன் வாட்டையெல்லாம் தண்ணீருக்கே சூடாகக் கொடுக்கும். காற்றுப் பம்பும் குமிழி விடும் கல்லும் நல்லது. பம்பை டென்டுக்கு வெளியே, தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போன நேரம் குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி இறங்கிப் பம்புக்குள் போகும். இரண்டு மூன்று மணிக்கு மேல் மின்வெட்டு வருமென்று தெரிந்தால் கரைசலை நாலு விரல் இறக்கி, மேல் வேர் காற்றில் நிற்கும்படி விடுங்கள்.

சூடான மாதங்களில் உரத்தை மெலிதாக்குங்கள். செடி உரத்தை விடத் தண்ணீரையே அதிகம் குடிப்பதால் மிஞ்சும் கரைசல் நாளுக்கு நாள் தடிக்கும். சாதாரணமாக ஈசி (உரச் செறிவைக் காட்டும் மின்கடத்துதிறன்) 1.2 முதல் 1.4 என்றால் சித்திரையில் 0.8 முதல் 1.0. பீஎச் 5.5க்கும் 6.2க்கும் இடையில். குறைந்த மட்டத்தை வெறும் தண்ணீரால் நிரப்புங்கள், பத்து நாளுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். அல்பேட் உரம் பாவிக்கிறவர்களுக்கும் இதே விதி: பைக்கற்றில் போட்ட அளவில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து தொடங்கி ஈசியைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

பெட்டி மூடி இடைவெளியில்லாமல் இருக்க வேண்டும், நுழைவழிக்கு நுளம்பு வலை வேண்டும். டெங்கு பார்க்க வரும் பிஎச்ஐக்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு) உங்கள் நீர்வளர்ப்பு முறை விளங்காது. திறந்த தண்ணீரும் அதில் நெளியும் புழுவும் மட்டும் விளங்கும், அதில் பிழையுமில்லை.

நுனி கருகல்

கொழும்பு டென்டில் சலாதைக் கெடுப்பதில் சூட்டுக்கு அடுத்தது இது. நடுக்குருத்தின் இளம் இலை ஓரங்கள் பழுப்பாகிக் காகிதம்போலச் சுருங்கும். கல்சியம் குறைவு என்பார்கள், உரத்தில் கல்சியம் போதுமான அளவு இருந்தும் வரும். கல்சியம் நீரோட்டத்தோடுதான் இலைக்குப் போகும். ஈரப்பதன் 85, 90இல் நிற்கும்போது குருத்துக்குள் காற்று அசையாது, நீர் ஆவியாகாது, கல்சியமும் போகாது. உரத்தைக் கூட்டினால் மோசமாகும். கிளிப் விசிறி ஒன்றை மேலிருந்து கீழ்நோக்கி, குருத்து மெல்ல நடுங்கும் அளவுக்கு வையுங்கள். பக்கவாட்டில் ஊதினால் வெளியிலைகள் மறைத்துக் குருத்துக்குக் காற்றே போகாது.

ஈரப்பதன் மானிகள் பத்து வீதம் பிழையாகக் காட்டுவது சகஜம். ஒரு மூடியில் கறியுப்பைச் சேறுபோல நனைத்து, மானியோடு ஒரு சிப் பைக்குள் எட்டு மணி நேரம் மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். 82 காட்டினால் இனி எப்போதும் 7ஐக் கழியுங்கள்.

விதை

வளர்ந்த செடியை விட விதை மோசமாகச் சூட்டுக்குப் பயப்படும். 28, 30 பாகையில் பல சலாது விதைகள் உறங்கிவிடும், பிறகு ஈரத்திலேயே அழுகும். விதை பழசு என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்: ஈரக் கடதாசியில் மடித்து டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜின் மரக்கறித் தட்டில் இரண்டு நாள், பிறகு ஏசி அறையில் அல்லது வீட்டின் ஆகக் குளிர்ந்த மூலையில். வெள்ளை முளை தெரிந்ததும் நனைத்துப் பிழிந்த தும்புத்தூளில், மேலாக, மூடாமல் வையுங்கள். பட்டாவியா வகைகள் சூட்டை அதிகம் தாங்கும், நெவாடா, சியரா இரண்டும் அந்தக் குடும்பம். நீண்ட இலை வேண்டுமென்றால் இஸ்ரேலில் உருவாக்கிய ஜெரிகோ. ஐஸ்பேர்க்கை இங்கே முயல வேண்டாம், உருளை கட்டாது.

கரண்ட்

ஈரமும் 230 வோல்ற்றும் ஒரே பெட்டிக்குள். டென்டின் எல்லா இணைப்பும் ட்ரிப் சுவிட்ச் உள்ள சுற்றில் இருக்க வேண்டும், மல்ட்டி பிளக் தரையில் கிடக்கக் கூடாது. ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு வருமுன் ஒருமுறை கீழே தொய்ந்து மேலேறட்டும், வயர் வழியே ஒழுகும் நீர் அந்தத் தொய்வில் சொட்டிவிடும். காலி வீதிக்குக் கடல் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று இன்னொரு தலையிடி: டிரைவர் இணைப்புகள் பச்சை பூக்கும், டென்டின் சிப் கறல் பிடித்து ஒரு நாள் பாதியில் நின்றுவிடும். மாதத்துக்கு ஒருமுறை சிப்பில் மெழுகுதிரியைத் தேய்த்துவிடுங்கள். சித்திரைப் பின்னேர இடிமழை தொடங்கும்போது லைட் எப்படியும் அணைந்துதான் இருக்கும், பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு அதிகாலை 5 மணிக்கும் உங்கள் அறை 29க்குக் கீழே வராவிட்டால், ஏசியும் இல்லையென்றால், சித்திரையில் சலாதை விட்டுவிடுங்கள். அதே டென்டில், அதே பெட்டியில் கங்குங்கும் துளசியும் 30 பாகையில் சந்தோசமாக வளரும். இரவு குளிரத் தொடங்க, கார்த்திகை கடைசியில் சலாது விதையை ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள்.